நம்ம ஏரியா பூங்காவைக் கவனிப்பது எப்படி? மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஐந்தரை மணிக்கு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவின் வாசலில் நின்றால், இந்த ஊருக்குப் பூங்கா எவ்வளவு தேவைப்படுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நடப்பவர்கள், யோகா செய்பவர்கள், சதுரங்கம் ஆடும் பெரியவர்கள், பேரப்பிள்ளையோடு வந்த பாட்டிகள் என்று நாலு ஏக்கருக்குள் ஒரு பேட்டையே திரண்டிருக்கும். அதே மயிலாப்பூரில் இரண்டு தெரு தள்ளிப் போனால் கேட் பூட்டிய, சறுக்கு மரம் துருப்பிடித்த, குழாயில் தண்ணீர் வராத சின்னப் பூங்கா ஒன்றும் இருக்கும்.

இரண்டும் மாநகராட்சியுடையதாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றை நாள்தோறும் கவனிக்க ஆள் இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை. திறப்பு விழாவன்று எல்லாப் பூங்காவும் அழகாகத்தான் இருக்கிறது. மூன்றாவது ஆண்டில் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. நம் தெருப் பூங்காவை அந்த மூன்றாவது ஆண்டுக்கும் அதற்குப் பிறகும் கொண்டுபோவது எப்படி என்று முதல் படியிலிருந்து சேர்ந்தே பார்ப்போம். பொறியியலோ தோட்டக்கலையோ தெரிந்திருக்க வேண்டாம், ஆர்வம் போதும்.

முதலில்: இது யாருடைய பூங்கா?

சென்னை மாநகராட்சியின் கையில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. நம் பகுதியின் பெரும்பாலான தெருப் பூங்காக்கள் அந்தக் கணக்கில் வரும். ஆனால் எல்லாம் அப்படியில்லை. கதீட்ரல் சாலையில் 2010-ல் திறந்த செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையிடம் இருக்கிறது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி 58 ஏக்கரில் 2011-ல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவைப் பார்த்துக்கொள்வது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்குள் இருக்கும் திடல்கள் சில இன்னும் வாரியத்தின் பெயரிலேயே இருக்கும். அலுவலகம் தெரியாமல் மனு எழுதினால் அது மேசை மேசையாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

மாநகராட்சிப் பூங்கா என்று உறுதியானால் மண்டலத்தையும் வார்டையும் தெரிந்துகொள்வோம். சென்னையில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள். மயிலாப்பூரும் மந்தைவெளியும் 9-வது மண்டலமான தேனாம்பேட்டையில் வருகின்றன. தி.நகரின் பெரும்பகுதி 10-வது மண்டலம், கோடம்பாக்கம். அடையாறு, பெசன்ட் நகர், கோட்டூர்புரம், திருவான்மியூர் ஆகியவை 13-வது மண்டலம். எல்லைத் தெருக்களில் குழப்பம் வரும். அப்போது வீட்டின் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். மண்டல எண்ணும் வார்டு எண்ணும் அதிலேயே இருக்கும்.

முதல் மாதம்: பார்ப்பதும் குறிப்பதும் மட்டும்

ஆர்வத்தில் முதல் நாளே மண்வெட்டியோடு போய்விடத் தோன்றும். வேண்டாம். ஒரு மாதம் பூங்காவைப் பார்ப்போம், வெவ்வேறு வேளைகளில். காலை ஆறு மணிப் பூங்கா வேறு, பகல் இரண்டு மணிப் பூங்கா வேறு, இரவு எட்டு மணிப் பூங்கா முற்றிலும் வேறு. மதியம் அங்கே யார் வருகிறார்கள்? டெலிவரி வேலை செய்யும் பையன்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வார்கள், கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் சற்று உட்கார வருவார்கள். தி.நகரில் இதை நன்றாகவே பார்க்கலாம். நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்கு நடேசன் பூங்காவின் ஒரு பெஞ்சு எவ்வளவு பெரிய விஷயம்! பகலில் கேட்டைப் பூட்டச் சொல்லி மனு கொடுக்க நினைப்பவர்கள் இவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் குழாய் ஒழுகுகிறது, கழிப்பறை எத்தனை மணிக்குத் திறக்கிறது, பெண்கள் எந்த வேளைக்குப் பிறகு வருவதில்லை, சக்கர நாற்காலி வாசலைத் தாண்ட முடிகிறதா என்று தேதியோடு எழுதுங்கள். கைப்பேசியில் படமும் எடுங்கள். "பூங்கா மோசமாக இருக்கிறது" என்று சொன்னால் எந்த அதிகாரிக்கும் செய்வதற்கு எதுவும் இல்லை. "வடக்குச் சுவரோரம் மூன்று விளக்குகள் இந்தத் தேதி முதல் எரியவில்லை" என்றால் வேலை இருக்கிறது.

இந்த மாதத்தில் இன்னொன்றும் செய்ய வேண்டும். அங்கே வேலை செய்பவர்களோடு பழக வேண்டும். வாட்ச்மேன், தோட்ட வேலை செய்யும் அக்கா, குப்பை அள்ளும் அண்ணன் ஆகியோருக்குத் தெரியாத எதுவும் எந்தக் கோப்பிலும் இல்லை. "அண்ணே, மோட்டார் எப்போ ரிப்பேர் ஆச்சு?" என்று கேட்டால் வரலாறு முழுக்க வந்துவிடும். அவர்களை மேற்பார்வை பார்க்க வந்தவர்கள் போல நடந்துகொண்டால் எதுவும் வராது. பெரும்பாலோர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்கள். சம்பளம் நேரத்துக்கு வருகிறதா, மழைக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதும் பூங்காவின் நலத்தில் சேர்ந்தவையே.

யாரிடம் கேட்பது? எந்த வரிசையில்?

சின்னப் பழுதுகளுக்கு 1913 போதும். விளக்கு, குப்பை, உடைந்த மூடி போன்றவற்றுக்கு அந்த எண்ணிலோ "நம்ம சென்னை" செயலியிலோ புகார் பதிந்து, புகார் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றில் சொன்ன சொல்.

தீரவில்லை என்றால் வார்டு உதவிப் பொறியாளரைப் பாருங்கள். அவருக்கு மேலே உதவி செயற்பொறியாளர், மண்டல அலுவலர். பூங்காக்களுக்குத் தனித் துறை உண்டு, மண்டல அலுவலகத்திலேயே பூங்கா கண்காணிப்பாளர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். படிகளைத் தாண்டி நேரே ஆணையருக்கு எழுதினால் கடிதம் திரும்பி இதே உதவிப் பொறியாளரிடம்தான் வரும், கொஞ்சம் கோபத்தோடு.

கவுன்சிலரை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. வார்டு மேம்பாட்டு நிதியில் எதற்குச் செலவிடலாம் என்று யோசிக்கும்போது நம் பூங்கா அவர் நினைவில் இருக்க வேண்டும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபைக்கு நிகரான நகரத்து ஏற்பாடு இது. நம் பகுதியின் கூட்டம் எப்போது என்று கேட்டு, பூங்காவுக்காக ஒரே ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, அது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள். பத்துக் கோரிக்கைகள் கொடுத்தால் ஒன்றும் ஏறாது.

ஒப்பந்தத்தைப் படிப்போம்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. என் கணக்கில் இதுதான் மிக முக்கியமான படி.

நம் பூங்காவின் பராமரிப்பு பெரும்பாலும் டெண்டர் மூலம் ஒரு ஒப்பந்ததாரரிடம் இருக்கும். எத்தனை தோட்டக்காரர், எத்தனை வாட்ச்மேன், புல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், கழிப்பறை எத்தனை முறை கழுவ வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், அல்லது எழுதியிருக்க வேண்டும். அது கையில் இல்லாமல் நாம் கேட்பது வேண்டுகோள். கையில் இருந்தால் நாம் கேட்பது கணக்கு.

பெறுவது சுலபம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.), 2005-ன் கீழ் ஒரு வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

நான்கே கேள்விகள் கேளுங்கள்: பூங்காவின் நில ஆவணப்படி மொத்தப் பரப்பு எவ்வளவு? பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல் எங்கே? பணியாளர் எத்தனை பேர், எந்த ஷிப்ட்? கடந்த மூன்று ஆண்டில் இந்தப் பூங்காவுக்குச் செலவான தொகை வகைவாரியாக எவ்வளவு? "ஏன்" என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் தராது.

பதில் வந்ததும் சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். ஒப்பந்தத்தில் இரண்டு தோட்டக்காரர் என்று இருந்து, பூங்காவில் ஒருவரே இருந்தால், அதை உதவிப் பொறியாளரிடம் பணிவாகக் காட்டுங்கள். பல நேரங்களில் அவருக்கே இது உதவியாக அமையும். அவர் கையில் ஏகப்பட்ட சாலைகளும் வடிகால்களும் இருக்கின்றன. நம் பூங்காவை நாள்தோறும் பார்க்கும் கண்கள் அவருக்கு இல்லை.

தனியாகவா, சங்கமாகவா?

தொடக்கத்தில் ஐந்து பேர் போதும். அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக்கூடாது. காலையில் நடக்கும் ஓய்வுபெற்றவர் ஒருவர், சின்னக் குழந்தையின் அம்மா ஒருவர், மாலையில் கிரிக்கெட் ஆடும் பையன் ஒருவன், பூங்கா வாசலில் கடை வைத்திருப்பவர் ஒருவர், மாற்றுத்திறனாளி அல்லது அவர் வீட்டில் ஒருவர். நடைப்பயிற்சியாளர் மட்டும் கூடினால் பூங்கா முழுக்க நடைபாதையாகிவிடும்.

பணம் கையாளும் கட்டம் வந்தால் பதிவு தேவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஏற்கெனவே தெருவில் குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதற்குள் ஒரு பூங்காக் குழுவாக இருப்பதே நல்லது. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. வரவு செலவு மாதம் ஒருமுறை பூங்கா அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். இந்த ஒரு வழக்கம் பாதிச் சச்சரவுகளை வராமலே தடுத்துவிடும்.

எவ்வளவு செலவாகும்? பணம் எங்கிருந்து?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. சொல்லிவிடுகிறேன்: ஊஞ்சலும் பெஞ்சும் ஒருமுறைச் செலவு. பூங்காவின் உண்மையான செலவு ஆட்களின் சம்பளம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஷிப்டுக்கு இரண்டு வாட்ச்மேன், ஒரு தோட்டக்காரர் என்று மூன்று பேர். ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 45,000, ஆண்டுக்கு 5,40,000 ரூபாய். அதற்கு மேல் வார விடுமுறைக்கு மாற்றாள், மின்சாரம், தண்ணீர், பழுது. ஆகையால் "நாங்களே பூங்காவை எடுத்து நடத்துகிறோம்" என்று முதல் ஆண்டே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சம்பளம் நாம் கட்டும் வரியிலிருந்து மாநகராட்சி தர வேண்டியது. அதை ஒழுங்காகத் தர வைப்பதே நம் முதல் சேமிப்பு.

ஒருமுறைச் செலவுகளுக்கு வழிகள் உண்டு. நாம் முதலில் பார்க்க வேண்டியது நமக்கு நாமே திட்டம். 2021-ல் நகர்ப்புறங்களுக்கு இது மீண்டும் வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். கழிப்பறை சீரமைப்புக்கும் விளக்குகளுக்கும் 6 லட்சம் மதிப்பீடு என்றால் நம் பங்கு 2 லட்சம். 200 வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரம் தந்த வீட்டுக்காரர் பிறகு குழாய் ஒழுகினால் சும்மா போகமாட்டார், இந்தத் திட்டத்தின் பெரிய பலனே அதுதான். மதிப்பீட்டை மாநகராட்சிப் பொறியாளரே தயாரிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கடைசியில் அங்கேதான் தொகை எகிறும்.

கவுன்சிலர் நிதி தவிர, சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடியும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடியும் தொகுதி நிதி உண்டு. இவை கட்டுமானத்துக்கே உதவும், சம்பளத்துக்கு வராது. உடற்பயிற்சிக் கருவிகள் இவற்றில் சீக்கிரம் கிடைக்கும். சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடாமல், இரண்டு ஆண்டு கழித்து போல்ட் கழன்றால் யார் முடுக்குவது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு வாங்குவோம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி மூன்றாவது வழி. 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமுள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுப்பணிக்குத் தர வேண்டும். நிறுவனத்துக்குப் போகும்போது கனவுப் படத்தோடு போகாமல், மாநகராட்சி ஒப்புதல் கடிதத்தோடும் ஐந்தாண்டுப் பராமரிப்புக் கணக்கோடும் போக வேண்டும்.

எதை முதலில் செய்வது?

என் வரிசை இது: தண்ணீர், கழிப்பறை, விளக்கு, வாசல். அதன் பிறகே நிழல், விளையாட்டு, அலங்காரம். பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம், செயற்கை நீரூற்றிலிருந்து தொடங்குகிறோம்.

தண்ணீர் இல்லாத பூங்கா ஏப்ரலில் செத்துவிடும். ஆழ்துளைக் கிணறு வேலை செய்கிறதா, மோட்டார் யார் பொறுப்பு, எந்த நேரம் பாய்ச்சுகிறார்கள் என்று பாருங்கள். வெயிலுக்கு முன் பாய்ச்சினால் குறைந்த தண்ணீரே போதும்.

கழிப்பறை திறந்து, சுத்தமாக இருந்தால் பெண்களும் முதியவர்களும் கூடுதலாக ஒரு மணி நேரம் இருப்பார்கள். பூட்டிய கழிப்பறைக்கு டைல்ஸ் போட்டுப் பயனில்லை. சாவி யாரிடம் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

வாசல் என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பைக் நுழையக் கூடாது என்று வளைவுக் கம்பி வைத்துவிடுகிறோம், சக்கர நாற்காலியும் நுழைய முடியாமல் போகிறது. குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம், 12 அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் ஏறாத சாய்தளம், இவ்வளவுதான் கேட்கிறோம். சாந்தோமில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே மாநகராட்சி அமைத்த பூங்காவை ஒருமுறை போய்ப் பாருங்கள். தரை, ஊஞ்சல், கைப்பிடி ஒவ்வொன்றும் எப்படி யோசிக்கப்பட்டிருக்கிறது என்று அங்கே தெரியும். அதில் நான்கைந்து யோசனைகளை எந்தத் தெருப் பூங்காவுக்கும் கொண்டுவரலாம்.

விளையாட்டுப் பகுதிக்கு மேற்குப் பக்கம் மரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளி விட்டு வரும் நாலு மணிக்குச் சறுக்கு மரம் சுடும். ஊஞ்சலுக்குக் கீழே சிமென்ட் கூடாது, ஓரடி ஆழம் மணல் போதும். ஆனால் அந்த மணலை வாரம் ஒருமுறை கிளறிக் கண்ணாடித் துண்டு பொறுக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மணல் போடுங்கள்.

மரம்: அவசரம் வேண்டாம்

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது இந்தப் பகுதித் தெருக்களில் மரங்கள் வரிசையாக விழுந்துகிடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டோம். விழுந்தவற்றில் சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் வெளிநாட்டு வகைகள் நிறைய. வேரைச் சுற்றி சிமென்டும் பேவர் பிளாக்கும் இறுக்கியிருந்த மரங்களும் சாய்ந்தன. ஆகவே மரம் நடுவதற்கு முன், இருக்கும் மரத்தின் கழுத்தை விடுவிப்போம். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் தெரிய வேண்டும். ஆணி, விளம்பரத் தட்டி, சீரியல் பல்பு வயர் எல்லாம் கழற்றப்பட வேண்டும்.

நடுவதற்கு வகை தேட வெளியே போக வேண்டியதில்லை. கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. கடல் காற்றையும் மணல் நிலத்தையும் தாங்கி மயிலாப்பூரில் நிற்கும் மரம் அது. திருவான்மியூர் கோயிலின் தலமரம் வன்னி. இவற்றோடு புங்கம், பூவரசு, மகிழம், வேம்பு, மருதம். தி.நகர் நிலம் வேறு. 1920-களில் மாம்பலத்தின் பெரிய ஏரியை வற்றவைத்து எழுந்த நகர் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஏரிப்படுகையில் தண்ணீர் தேங்கும் பள்ளம் எது என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு, அங்கே மருதம் வையுங்கள்.

காலம்: ஆகஸ்ட், செப்டம்பர். வேர் பிடிப்பதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மே மாதத்தில் விழா வைத்து நடும் கன்றுகள் பெரும்பாலும் விழாவுக்கே. முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் பெயர் எழுதாமல் ஒரு கன்றும் நட வேண்டாம். நூறு நட்டுப் பத்தைக் காப்பாற்றுவதைவிட இருபது நட்டு இருபதையும் காப்பாற்றுவோம்.

கோட்டூர்புரத்தில் நிழல் அமைப்பினர் வளர்த்த மரப்பூங்கா இதற்கு நல்ல பள்ளிக்கூடம். குப்பை கொட்டும் இடமாக இருந்த நிலத்தைத் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து நாட்டு மரங்களின் தோப்பாக்கினார்கள். அதே கோட்டூர்புரத்தில் 2020 வாக்கில் மாநகராட்சி மியாவாக்கி முறையில் அடர்வனம் தொடங்கியது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு: மியாவாக்கி நெருக்கமாக வளர்ந்து பச்சையாகிவிடும், ஆனால் உள்ளே நடக்கவோ விளையாடவோ முடியாது. சின்னப் பூங்காவில் இருக்கும் ஒரே திடலை அதற்குக் கொடுத்துவிடாமல் ஓரத்தையோ பயன்படாத மூலையையோ கொடுங்கள்.

பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மின்கம்பி மேல் படும் கிளையைக் கழிக்க மின்வாரியத்தையும் மாநகராட்சியையும் கேட்கலாம். "கிளை கழிக்கிறோம்" என்று வந்தவர்கள் பாதி மரத்தை எடுப்பதும் நடக்கும், ஆகவே அந்த நாளில் நம்மில் ஒருவர் அங்கே நிற்போம்.

சருகைக் கொளுத்துவது சட்டப்படி தப்பு, திடக்கழிவு விதிகள் தடுக்கின்றன. ஒரு மூலையில் கம்பி வலைக் கூண்டு வைத்துச் சருகைப் போட்டு, தண்ணீர் தெளித்துவந்தால் சில மாதத்தில் உரம். அடுத்த ஆண்டு எருச் செலவு குறையும்.

மழைநீர்

நவம்பரில் பூங்கா குளமாகிறது என்பது நம் பகுதியில் பழைய புகார். அதைக் குறையாக நினைக்காமல் பயன்படுத்தலாம் என்பதே மாநகராட்சி அமைத்துவரும் கடற்பஞ்சு (ஸ்பாஞ்ச்) பூங்காக்களின் யோசனை. ஒரு பகுதியைத் தாழ்வாக்கி, சுற்றுத் தெரு நீரையும் அங்கே இறக்கி, மண்ணுக்குள் இழுக்கவிடுவது. கடலோர மணல் நிலத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சாக்கடை கலக்கும் வடிகாலை இணைத்துவிடக் கூடாது. தேங்கிய நீர் ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் கொசு வளரும். வண்டல் அள்ளுவது யார் வேலை என்பதும் முதலிலேயே முடிவாக வேண்டும்.

விளையாட்டுத் திடல்: யாருக்கு எந்த மணி நேரம்?

தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து கிரிக்கெட் மேட்ச் நடக்கும், பந்துகள் குறுக்கே பறக்கும், யாரும் சண்டை போடமாட்டார்கள். இந்த ஒழுங்கு பையன்களே உண்டாக்கிக்கொண்டது. அதைக் கலைக்காமல் ஒரே ஒரு ஏற்பாடு சேர்ப்போம்: பெண் பிள்ளைகளுக்கென்று வாரத்தில் மூன்று மாலைகள். பலகையில் எழுதி, முதல் இரண்டு மாதம் நாமே அங்கே இருந்தால் வழக்கமாகிவிடும். எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால் நடக்காது.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலேயே கைவிட்டார்கள். பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய் என்றால் எந்தக் குப்பத்துப் பையனால் முடியும்? திடலுக்குக் கட்டணம் என்ற பேச்சு உங்கள் வார்டிலும் எழுந்தால் தீர்மானம் போடுவதற்கு முன்பே பேசுங்கள்.

கவனம்!

பூங்கா நிலம் சுருங்கும். முதலில் ஒரு மூலையில் பம்பு அறை, பிறகு அலுவலகம், பிறகு சிலை, பிறகு வாகன நிறுத்தம். தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம் 1959-லேயே வந்தது, பூங்கா நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதை அது கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஐ.-யில் வாங்கிய பரப்பளவை அவ்வப்போது டேப் வைத்து அளந்து பாருங்கள்.

பக்கத்தில் பெரிய அடுக்குமாடி வந்தால் விசாரியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கிப் பொதுப் பயன்பாட்டுக்குத் தானமாக எழுதித்தர வேண்டும். அந்த நிலம் கட்டடத்தின் காம்பவுண்டுக்குள்ளேயே பூட்டிக் கிடப்பதுண்டு. அது நம் பூங்கா.

மெட்ரோ வேலைக்காகப் பனகல் பூங்காவின் ஒரு பகுதி போயிருக்கிறது. தேவையான ரயில்தான், மறுக்க முடியாது. ஆனால் ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோவுக்காக மூடப்பட்டுத் திரும்பத் திறக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் போல ஆயின. ஒரு குழந்தையின் விளையாடும் வயது முழுக்க அதில் கழிந்துவிடும். பனகல் பூங்காவில் எந்தப் பகுதி எப்போது திரும்ப வரும், எத்தனை மரம் வைக்கப்படும் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு, ஆண்டுதோறும் நினைவூட்ட வேண்டும்.

தத்தெடுப்பது எப்போது?

அமிர்தாஞ்சனை நிறுவிய, ஆந்திர பத்திரிகாவை நடத்திய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரிலுள்ள லஸ் பூங்காவின் பராமரிப்பைப் பல ஆண்டுகள் சுந்தரம் ஃபைனான்ஸ் ஏற்று நடத்தியது. அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மைக் இல்லாமல் சிறுவர்கள் பாடும் கச்சேரியும் அந்த நிறுவனம் தொடங்கிவைத்த வழக்கம். தத்தெடுப்பு நன்றாக நடந்தால் பூங்கா எப்படி இருக்கும் என்பதற்குத் தென்சென்னையில் இதைவிடக் கண்கூடான உதாரணம் இல்லை.

ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் சம்பளம் தரும் வலு வேண்டும். நம் சங்கம் இரண்டு ஆண்டு நோட்டுப் புத்தகம் எழுதி, ஒரு நமக்கு நாமே வேலையைக் கணக்கோடு முடித்த பிறகு தத்தெடுப்பைப் பேசலாம். ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் இருக்கிறதா என்று பாருங்கள்: பூங்கா எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும், பெயர்ப் பலகையின் அளவு இவ்வளவுதான், விலகுவதானால் இத்தனை மாதம் முன்னறிவிப்பு. கடைசி வரி இல்லாமல் நிறுவனம் திடீரென்று விலகினால் அடுத்த நாள் காலையில் கேட் திறக்க ஆள் இருக்காது.

எந்த மாதம் என்ன?

மாநகராட்சியின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஆகவே நம் கோரிக்கை மதிப்பீட்டோடு டிசம்பருக்குள் மண்டல அலுவலகத்தில் இருக்க வேண்டும். மார்ச்சில் கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்கே போகும்.

ஏப்ரல், மே: தண்ணீர் மட்டும். ஜூன், ஜூலை: ஆர்.டி.ஐ., ஒப்பந்தச் சரிபார்ப்பு, கிளை கழிப்பு. ஆகஸ்ட், செப்டம்பர்: மரநடவு, வடிகால் தூர்வாருதல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு பெரிய மழைக்கும் அடுத்த காலை ஒருவர் சுற்றிவந்து சாய்ந்த மரம், தொங்கும் வயர், தேங்கிய நீர் மூன்றையும் படம் எடுத்து 1913-ல் பதிவு செய்ய வேண்டும். தொங்கும் வயரை யாரும் தொட வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் கேட்டை மூடி நில்லுங்கள். ஜனவரியில் பொங்கல் முடிந்த வாரம் ஐந்து பேரும் உட்கார்ந்து நோட்டைப் புரட்டி, அடுத்த ஆண்டுக்கான ஒரே கோரிக்கை எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.